தாமுவின் தழும்பு எந்தக் கன்னத்தில்?

1

ஊரில் இருப்பவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய காரணம் எதுவும் இல்லை. தூரத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். எப்போதாவது வந்து, சாக்லேட் கொடுத்து, எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டுப் போகிறவனைப் பற்றிக் கெட்டதாக நினைக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்து ஊரில் குடியிருக்கும் பொன்னுசாமி மகன் முருகேசனாகிய எனக்கு, திண்டுக்கல் நாகல் நகரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் ஆரோக்கியத்தின் மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை.

"இதையெல்லாம் போயி எழுதுவாங்களா? ஊரு சிரிக்கும்" என்றாள் என் மனைவி செல்வி. சிரிக்கட்டும். வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் பனியைப் பற்றியும் ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றியும் எழுதுகிறார்கள். பனியும் ரயிலும் என்னை எதுவும் செய்யவில்லை. என்னைப் படுத்தியது ஒரு படக்கதை.

இங்கே படக்கதையை மங்கா என்பார்கள். வாராவாரம் திங்கட்கிழமை காலையில் பெரிய மங்கா பத்திரிகைகள் வரும். பழைய டெலிபோன் டைரக்டரி அளவுக்குத் தடிமன், நம் பிள்ளைகளின் ரஃப் நோட்டைவிட மட்டமான காகிதம். ஒவ்வொரு பத்திரிகையிலும் இருபது கதைகள் தொடராக ஓடும். அப்படி ஓடியவற்றில் ஒன்று, நாங்கள் தமிழில் 'லாந்தர் வீரன்' என்று டிவியில் பார்த்த கதை. கையில் ஒரு லாந்தர் விளக்கோடு மலைக்கணவாய்களில் வழிப்போக்கர்களுக்குத் துணைபோகும் பையன். இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு. ஜப்பானியப் பெயர் தொமொரு. தமிழில் குரல் கொடுத்தவர்கள் வாயசைவுக்குப் பொருத்தமாகவோ என்னவோ தாமு என்று வைத்துவிட்டார்கள். ஜப்பானில் அவன் முகம் போட்ட தண்ணீர் பாட்டில் உண்டு, பல்துலக்கி உண்டு, ஒரு ரயில் பெட்டி முழுக்க அவன்தான்.

கதை முடிந்து பல வருடங்கள் ஆகின்றன. எழுதி வரைந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தக் குளிர்காலத்தில் திடீரென்று அறிவிப்பு வந்தது. லாந்தர் வீரன் மறுபடி தொடங்குகிறது. பெரியவரிடம் உதவியாளராக இருந்த ஒருவர் வரைகிறார். தாமு இப்போது நடுவயதுக்காரன். கதாநாயகி அவனுடைய மகள்.

இந்தச் செய்தி ஜப்பானில் இருக்கும் எனக்கு எப்படித் தெரிந்தது? திண்டுக்கல்லில் இருந்து ஆரோக்கியம் போன் போட்டுச் சொன்னான். அவனுக்கு யார் சொன்னது? பக்கத்து அறையில் இருக்கும் என் மகள் இனியா.

2

ஆரோக்கியம் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா சாணார்பட்டிப் பக்கத்து விவசாயத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வந்தபோது, நாகல் நகரில் எங்கள் பக்கத்து வீடு அவர்களுடையது. எங்கள் வீட்டில் டிவி இல்லை. சாயங்காலம் லாந்தர் வீரன் போடும் நேரத்துக்கு நான் அவர்கள் வீட்டில் இருப்பேன். தாமு கடைசிக் கணவாயைத் தாண்டப் போகிற கட்டத்தில், ஒரு வாரம், அந்த நேரத்தில் சோப்பு விளம்பரமும் வேறு ஏதோ நிகழ்ச்சியும் வந்தன. அதோடு சரி. தமிழில் கதை அத்தோடு நின்றுபோனது.

மற்றவர்களுக்குத்தான் நின்றது, ஆரோக்கியத்துக்கு நிற்கவில்லை. மதுரையில் இருக்கும் சித்தி வீட்டில் வேறு டிவி வருகிறது, அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லி, வாராவாரம் மீதிக் கதையைச் சொன்னான். தாமு கணவாயைத் தாண்டுகிறான். வில்லனுடைய லாந்தரை ஊதி அணைக்காமல் அதில் எண்ணெய் ஊற்றிவிட்டு வருகிறான். கடைசியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுகிறான். ஜப்பானில் பரோட்டா எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் அம்புட்டுப் பேரும் வாயைப் பிளந்து கேட்டோம்.

ஜப்பானுக்கு வந்து எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் நான் முதலில் வாங்கியது லாந்தர் வீரனின் கடைசிப் புத்தகத்தைத்தான். வாசித்து முடித்து அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நீ சொன்னதெல்லாம் பொய்யிடா. தாமு அந்த லாந்தர ஒடைச்சுத்தான் போடுறான்."

ஒரு நொடிகூட அவன் தடுமாறவில்லை. "அப்பிடியா? அப்ப அவிங்க தப்பா எழுதிட்டாங்கலே" என்றான்.

இதுதான் ஆரோக்கியம். படிப்பு ஏறவில்லை, ஸ்டிக்கர் கடை வைத்தான். ஆட்டோவுக்கு, பைக் டேங்குக்கு, மினி பஸ்ஸுக்கு. சாமி படம், சிலுவை, பிறை, சிங்கம் என்று கேட்பதைக் கேட்டபடி வெட்டிக் கொடுப்பான். எதுவும் கேட்காமல் "ஏதாச்சும் ஒட்டி விடுப்பா" என்று நிற்கிறவர்களுக்கு மட்டும் தாமுவை ஒட்டிவிடுவான். எதுவும் கேட்காத ஆட்கள் நம் ஊரில் நிறைய. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் நான் சொல்வது புரியும்.

அதில் ஒரு தப்பு உண்டு. மினி பஸ்ஸின் பின் கண்ணாடிக்கு ஸ்டிக்கரை உள்பக்கமிருந்து ஒட்டுவார்கள், மழையில் உரியாமல் இருக்க. அப்படி ஒட்டுவதற்கு உருவத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். முதல் தாமுவை ஆரோக்கியம் ஒரு மினி பஸ்ஸுக்காகத் திருப்பிப் போட்டான். அந்த டிசைனையே கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் ஒட்டும் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் அதையே வெட்டினான். எழுத்தாக இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முகம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஆக, உலகம் முழுக்கத் தாமுவுக்குத் தழும்பு இடது கன்னத்தில், திண்டுக்கல் டவுனில் மட்டும் வலது கன்னத்தில்.

இந்தத் தப்பை நான் சொன்னதற்கும் பதில் வைத்திருந்தான். "முன்னாடி போறவன் சைடு மிரர்ல பாப்பான்ல, அப்பச் சரியாத் தெரியும்லே."

3

இங்கே என் பெயர் முருகேசன் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் அந்தப் பெண் அதைப் பார்த்து, மிகவும் பணிவாகக் குனிந்து, இனி நீங்கள் பொன்னுசாமி என்று முடித்துவிட்டாள். முதலெழுத்து என்றால் என்ன, எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றெல்லாம் விளக்கினேன். அவளும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அதே கட்டத்தில் அதே பெயரை அடித்தாள். பிரேக் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் மேஸ்திரி "பொன்னுசாமி, சீக்கிரம்!" என்று கத்தும்போது எனக்குத் தூக்கிவாரிப்போடும். மதுரையைத் தாண்டாத என் அப்பா ஜப்பானில் தினமும் திட்டு வாங்குகிறார்.

அந்த மேஸ்திரியிடம்தான் நான் ஜப்பானியம் கற்றேன். வேலை ஓடும், மரியாதை இருக்காது. அது வேலையிடத்தில் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. இனியாவின் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். எல்லா அப்பாக்களும் பூப்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் "என்ன, ஒழுங்காப் படிக்குதா அது?" என்கிற தோரணையில் ஒரு வாக்கியம் என் வாயில் இருந்து வந்தது. டீச்சர் சிரித்துச் சமாளித்தார். இனியா தன் காலணியைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த முறையில் இருந்து அம்மா வந்தால் போதும் என்று செல்வியிடம் சொல்லிவிட்டாள்.

இனியாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. சின்னதில் அவளும் நானும் லாந்தர் வீரனைச் சேர்ந்து படிப்போம். பிள்ளைகள் பத்திரிகையில் கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பு இருக்கும். அதன் கீழே விரலை ஓட்டி நான் வாசிப்பேன், மடியில் இருந்தபடி அவள் திருத்துவாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு திருத்தம் என்பது ஐந்தாகி, பத்தாகி, ஒருநாள் "அப்பா, நான் மனசுக்குள்ளயே படிச்சுக்கறேன்" என்று ஜப்பானியத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் மேல் தப்பில்லை. நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் ஒரு கதையை முடித்துவிடுவாள்.

தமிழும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை இணையத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். 'அணில், ஆடு, இலை' வரை வந்தாள். நாங்கள் தமிழில் பேசுவோம், அவளுக்குப் புரியும், பதில் ஜப்பானியத்தில் வரும். செல்வி சேவுகம்பட்டியில் இருக்கும் தன் அம்மாவிடம் பேசக் கொடுத்தால், "ம்", "ம்" என்று இரண்டு சொல்லிப் போனைத் திருப்பித் தந்துவிடுவாள். எத்தனை கெஞ்சியிருப்பேன், எத்தனை கோபப்பட்டிருப்பேன். பொம்மை வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

போன வருடம் என் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஊருக்கு வந்தோம். இனியா வேண்டாவெறுப்பாக வந்தாள். வெயில், கொசு, கன்னத்தைக் கிள்ளும் சொந்தக்காரர்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவளை, விசேஷத்துக்கு வந்த ஆரோக்கியம் பார்த்தான். "ஏத்தா, இங்கன என்ன செய்யப் போற? வா, கடைக்குப் போவம்" என்று தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

சாயங்காலம் அழைத்துவரப் போனேன். கடை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அதன் பக்கவாட்டில் இருந்த தாமுவைக் காட்டி என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ரைட்டு, லெஃப்டு, தப்பு மாமா!" என்றாள். தமிழில்.

"தப்பில்லத்தா. மிரர்ல பாரு" என்று அவளை முன்னால் உட்காரவைத்துக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினான் அந்தப் பாவி.

ஊரை விட்டுக் கிளம்பும்வரை அவள் ஸ்டிக்கர் கடையிலேயே கிடந்தாள். உள்பக்கம் ஒட்டுவதற்கு எப்படித் திருப்பிப் போடுவது, காற்றுக் குமிழி வராமல் எப்படித் தேய்ப்பது எல்லாம் கற்றுக்கொண்டாள். திரும்பி வந்த பிறகு வாட்ஸப்பில் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். முதலில் படங்கள், பிறகு குரல் பதிவுகள், பிறகு வீடியோ. அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து சிரிப்பு வரும். நான் கதவைத் தட்டினால் சிரிப்பு நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் நான் தாமு என்று சொன்னால் "தொமொரு" என்று திருத்துவாள். ஆரோக்கியத்திடம் பேசும்போது அவளே தாமு என்கிறாள். கதவுக்கு வெளியே நின்று இரண்டு காதாலும் கேட்டேன்.

4

புதிய கதை பற்றிய அறிவிப்பு வந்ததில் இருந்து இவர்கள் இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. ஆரோக்கியம் எனக்கும் போன் செய்வான், என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதற்கென்றே.

"ஏலே முருகேசா, பாப்பா ரொம்பக் கவலப்படுதுலே. புதுசா வரையிறவரு கை எப்பிடி இருக்கும்னு. பழைய பெரியவரு கோடு தடிசா இருக்கும்ல, இவரு கோடு மெலிசாம். நாஞ்சொன்னேன், ஆத்தா, நான் ப்ளேடு வச்சே வெட்டுறேன், அதையே ஊரு ஏத்துக்கிருச்சு, இவரு பேனா வச்சு வரையிறாரு, ஏத்துக்க மாட்டாங்களான்னு."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அவ."

"நீ கேட்டியாலே?"

நான் கேட்கவில்லைதான். ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் பிள்ளையின் கவலையை நாகல் நகரில் இருந்து ஒருத்தன் எனக்குச் சொல்வதா?

எனக்கும் ஒரு கவலை இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. இப்படி நீண்ட காலம் கழித்துத் திரும்பி வரும் கதைகளில் பழைய வீரனை அப்பாவாக்கி, அசடாக்கிவிடுவார்கள். உலகத்தைக் காப்பாற்றியவன் வீட்டில் மகளிடம் பேசத் தெரியாமல் விழிப்பான். எப்போதும் வேலை, வேலை என்று இருப்பான். பிள்ளைக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அடுத்தவன் எவனாவது வந்து அந்தப் பிள்ளைக்கு எல்லாம் கற்றுக்கொடுப்பான். தாமுவுக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். எதற்கு இவ்வளவு உருகுகிறீர்கள், அது ஒரு பொம்மைக் கதை என்று செல்வி கேட்டபோது, பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கதை வெளியாவதற்கு முந்தைய சனிக்கிழமை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இனியாவிடம் கேட்டேன். "திங்கக்கிழமை மொத அத்தியாயம் வருதுல்ல, முன்ன மாதிரி சேர்ந்து படிப்போமா?"

அவள் காதில் இருந்து இயர்போனை எடுத்து, வருத்தமாகவே, ஜப்பானியத்தில் சொன்னாள். "ஆரோக்கியம் மாமாவுக்குப் படிச்சுக் காட்டுறேன்னு சொல்லிட்டேன்பா. மத்தியானம் அவருக்குக் கடையில கூட்டம் இருக்காது. நமக்கு அப்ப சாயங்காலம்."

"சரி, சரி" என்றேன். "அதுக்கென்ன."

அதுக்கென்ன என்று சொன்ன வாய்தான். உள்ளே எரிந்தது எனக்குத்தான் தெரியும். பத்திரிகை விற்கும் கடை என் வீட்டு முனையில் இருக்கிறது. எழுதியவர் இருக்கும் நாட்டில் நான் இருக்கிறேன், வரி கட்டுகிறேன். அவன் நாகல் நகரில் உட்கார்ந்த இடத்தில் கதையைப் பாயாசம் மாதிரி வாங்கிக் குடிக்கிறான்.

5

திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். இருட்டு விலகும் முன்பே கிளம்பி, வீட்டு முனையில் இருக்கும் கொன்பினிக்குப் போனேன். எந்நேரமும் திறந்திருக்கும் சின்னக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். கட்டுப் பிரித்து அப்போதுதான் அடுக்கியிருந்தார்கள். மூன்று பிரதிகள். அட்டையில் ஒரு பெண்பிள்ளை லாந்தரைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் தாமு முதுகைக் காட்டியபடி நடந்து போகிறான்.

ஒன்றைத்தான் எடுத்தேன். கல்லா வரை போய்த் திரும்பி வந்து மற்ற இரண்டையும் எடுத்தேன். ஏன் என்று கேட்டால் அந்த நேரத்தில் எனக்கே தெளிவாகத் தெரியாது. கடையில் இல்லையென்றால் இனியா என்னிடம்தானே வந்தாக வேண்டும் என்று ஏதோ ஒன்று. கல்லாவில் இருந்த பையன் மூன்று ஒரே மாதிரிப் புத்தகத்தையும் என்னையும் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அது ஒரு வசதி.

மூன்றையும் தொழிற்சாலை லாக்கரில் பூட்டி வைத்தேன். மதிய இடைவேளையில் பிரித்துப் படித்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன். தனியாகப் படிப்பதற்கா இவ்வளவு செய்தேன்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், இனியா முகம் சிவந்து நிற்கிறாள். செல்வி சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த மூன்று பிரதி திட்டத்தில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. போனில் படிக்கலாம்தான். ஆனால் அந்தப் போனில்தான் வீடியோ பேச வேண்டும். பக்கங்களை ஆரோக்கியத்துக்குக் காட்ட அவளுக்குக் காகிதப் புத்தகம் வேண்டும். பகல் முழுக்கப் போனைத் திறக்காமல், பள்ளியில் கதையைச் சொல்ல வந்த சிநேகிதிகளிடம் காதைப் பொத்திக்கொண்டு, கடைக்கு ஓடியிருக்கிறாள். புத்தகம் இல்லை. ரயில் நிலையம் வரை போய் இன்னொரு கடையில் பார்த்திருக்கிறாள். அங்கேயும் இல்லை.

"யாரோ ஒருத்தர் காலையிலயே மூணையும் வாங்கிட்டாங்களாம்" என்றாள் செல்வி. என் பையின் கனத்தைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குக் கண்ணாலேயே காரித் துப்பத் தெரியாதா?

பையைத் திறந்து மூன்றையும் மேசையில் வைத்தேன்.

"மூணு எதுக்கு?" என்று கேட்டாள் இனியா.

"ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு." மூன்றாவதற்கு மென்று முழுங்கினேன். "ஒண்ணு ஆரோக்கியத்துக்கு. அனுப்பி வைக்கலாம்னு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எனக்காக மலரவில்லை, அவனுக்காகத்தான். ஓடிப்போய்ப் போனைக் கூடத்து மேசையில் நிறுத்தி அவனை அழைத்தாள். புத்தகத்தைக் காட்ட வெளிச்சம் வேண்டும் என்பதால் அன்று அறைக்குள் போகவில்லை. அதுவரை கதவுக்கு வெளியே நின்று கேட்டவனுக்கு அது ஒரு பதவி உயர்வு. நான் சமையலறைக்குள் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

"மாமா! அப்பா உங்களுக்கும் ஒண்ணு வாங்கிருக்காரு. தபால்ல வரும்!"

"யாரு, முருகேசனா? எனக்கா? அவன் தங்கம்லத்தா. நான் அப்பருந்தே சொல்வேன்ல."

கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான்.

பிறகு அவள் வாசிக்க ஆரம்பித்தாள். நான் கத்தியை வைத்துவிட்டேன். என் மகள், 'அணில், ஆடு, இலை'யைத் தாண்டாதவள், ஜப்பானியத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். இணைய வகுப்புத் தமிழ் இல்லை. சுத்தமான நாகல் நகர்த் தமிழ்.

"இது மல மாமா. அம்புட்டும் பனி. இந்தப் பிள்ள பேரு அகாரி."

"அகாரியா? நம்ம தீபான்னு வச்சுக்குவோம்."

"சரி, தீபா. இவ லாந்தர எடுத்துக்கிட்டுப் போறா. செத்த நேரம் இருங்க, இங்க எழுத்து நெறைய இருக்கு. அவுக அப்பா வீட்டுக்கே வாரது இல்லயாம். எப்பப் பாத்தாலும் கணவாய்ல வேலையாம்."

"அடப்பாவி தாமு! அவன் அப்பிடிச் செய்ய மாட்டானே."

நானும் அதையே நினைத்தேன். நான் பயந்தது போலவே ஆகிவிட்டது. ஆரோக்கியம் தாமுவுக்கு வக்காலத்து வாங்கினான், நடுநடுவே வில்லன் குரலில் கத்தினான், பனிக்கரடி ஒன்று வந்ததும் கடையில் இருந்த யாரையோ கூப்பிட்டுக் காட்டினான். இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். எந்த வார்த்தை அவளுக்குத் தெரியாதோ அதைக் கையால் காட்டினாள், அவன் எடுத்துக் கொடுத்தான். நான் சமையலறை வாசல்படி வரை வந்து, அவள் முதுகுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். நான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டிய வார்த்தைகள் அவை. எண்ணெயில் போட்ட கடுகாக உள்ளே வெடித்துக்கொண்டிருந்தது.

கடைசிப் பக்கம். முழுப் பக்கத்துக்கும் தாமுவின் முகம். வயதாகியிருந்தது. தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

"பாத்தியா! பாத்தியாத்தா!" ஆரோக்கியம் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் ஜப்பான் வரை கேட்டது. "வலது கன்னம்! என் டிசைனு! நம்ம ஆட்டோவப் பாத்துத்தான் வரைஞ்சிருக்காரு!"

புது ஆள் முதல் அத்தியாயத்திலேயே கோட்டை விட்டுவிட்டார், ஜப்பான் முழுக்க நாளைக்கு நாறப்போகிறது என்று நினைத்தேன். இனியா முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி கடைசிப் பக்கம்.

"இல்ல மாமா" என்றாள் மெதுவாக. "இது கண்ணாடி. நீங்க உள்பக்கம் ஒட்ட திருப்பிப் போடுவீங்கல்ல, அப்பிடி. பாருங்க, இவ ஜன்னலப் பாத்து உக்காந்திருக்கா. வெளிய இருட்டு. அவுக அப்பா பின்னாடி வந்து நிக்கிறாரு. சத்தமே போடல. அவ திரும்பல. ஆனா ஜன்னல் கண்ணாடில தெரியுறாரு. அவ பாத்துட்டா."

திண்டுக்கல்லில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஓய்ந்தது. ஆரோக்கியம் வாயைத் திறக்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் அவன் வாய் மூடியிருந்தது அந்த ஒரு முறைதான்.

இனியா திரும்பவில்லை. "அப்பா" என்றாள். "நீங்க பின்னாடி நிக்கிறது மொதல்லருந்து போன்ல தெரியுது. வாங்க, உக்காருங்க."

"ஆமாலே" என்றான் ஆரோக்கியம். "எம்புட்டு நேரமா நிக்கிற. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

போனின் மூலையில் பேசுகிறவர் முகம் சின்னக் கட்டத்தில் தெரியுமே, அதைப் பார்த்தேன். இனியாவின் தோளுக்கு மேலே, சமையலறை வாசல், அதில் நான். ஒரு கையில் பாதி உரித்த வெங்காயம். அதைவிட மோசம், வாய் காதுவரை நீண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அவனுடைய கோமாளித்தனத்துக்கு நானும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் தாமு பேசும் ஒரே ஒரு சொல் இருந்தது. அதை மட்டும் அவள் வாசிக்காமல் விட்டிருந்தாள்.

"தாமு பேசுறத நீங்க வாசிங்கப்பா. மாமா ரொம்பக் கத்துறாரு."

தாமு என்றாள். தமிழில், என்னிடம். எழுத்தின் கீழே விரலை வைத்தேன். மேஸ்திரியிடம் கற்றவனுக்கும் தெரிந்த சொல்தான். இந்த நாட்டில் வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் சொல்வது.

"ததாய்மா" என்றேன்.

"என்னலே சொல்றான் தாமு?"

"வந்துட்டேன்னு சொல்றான்."

இனியா திருத்தவில்லை. தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம் ஒரு பெருமூச்சு விட்டான்.

"நல்லா இருங்கப்பு. ரெண்டு பேரும் ஒரே பொஸ்தகத்தப் பாத்து உக்காந்திருக்கீங்க. நான் இந்த இம்புட்டூண்டு போன்ல எட்டிப் பாக்குறேன். பொறாமையா இருக்குலே முருகேசா."

உண்மையைச் சொல்கிறேன், அந்த வருடத்தில் நான் கேட்ட மிக இனிமையான வார்த்தை அது. அதற்காக என் குணம் மாறிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறுநாள் மூன்றாவது பிரதியை நன்றாகச் சுற்றிக் கட்டி, நாகல் நகர் விலாசம் எழுதித் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். விமானத்தில் அனுப்பினால் ஒரு வாரம், கப்பலில் அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும், எது வேண்டும் என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

கப்பல் என்றேன்.